விதை மாற்றிக்கொள்ளும் உரிமை

கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நட்ட செம்பனைதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை. ஆப்பிரிக்க வித்து, 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழியில், சுமத்ரா தாண்டி வந்தது. நம் முன்னோர் சீவிய பால்மரமும், 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வம்சம். அன்று விதைக்கு உரிமை பேசும் உலக ஒப்பந்தம் இல்லை. மூலநாட்டு மக்களுக்குப் பங்கும் இல்லை. இன்று ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் அவை முதலில் கணக்குக் கேட்பது சிறு விவசாயியிடம் என்பதுதான் வேதனை.

1995இல் நடப்புக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமைக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம், புதிய பயிர் ரகங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. எந்த முறையில் என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டது. மலேசியா அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. நம் 2004 சட்டப்படி, ரகத்தை உருவாக்கியவருக்குப் பொதுவாக 20 ஆண்டு உரிமை. சிறு விவசாயிகள் தங்களுக்குள் நியாயமான அளவு விதை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளம் போன்ற பேரிடரில் சொந்த நிலத்தில் விதைக்க முடியாமல் போனால், சேமித்த விதையை விற்கவும் செய்யலாம். 2022 நவம்பரில் மலேசியாவுக்கு நடப்பான சிபிடிபிபி வாணிப ஒப்பந்தமோ, நான்காண்டு அவகாசத்துக்குள், புதிய பயிர் ரகப் பாதுகாப்புக்கான யூபோவ் 1991 உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. அதில், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைச் சொந்த நிலத்துக்குச் சேமிப்பதே அரசு விரும்பினால் தரும் சலுகை. அண்டை வயல்காரரிடம் மாற்றிக்கொள்ள இடமில்லை. வட சிலாங்கூரின் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களுக்கு இது நேரடிச் செய்தி.

உழைத்து ரகம் கண்டவருக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், அதைத்தான் அந்த 20 ஆண்டு தருகிறது. செம்பனைக்காரர்கள் எப்படியும் கலப்பினக் கன்றைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள், அவர்களுக்கென்ன நட்டம் என்பதும் உண்மைதான். ஆனால் நெல்லும் காய்கறியும் அப்படியல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறி, சிறு நிலத்தில் மிளகாயும் கத்தரியும் போடும் குடும்பங்களுக்கு விதைச் செலவு பெரிய செலவு.

கையெழுத்திட்டாயிற்று, இனி என்ன செய்வது என்பது கடைசி வாதம். இதே சிபிடிபிபி ஒப்பந்தத்தில் நியூசிலாந்து, மாவோரி மக்களின் உரிமையை முன்வைத்து, யூபோவ் 1991இல் சேராமல் சொந்தச் சட்டம் இயற்றும் வழியைக் கேட்டுப் பெற்றது. இந்தியா யூபோவில் சேரவே இல்லை. அதன் 2001 சட்டம், முத்திரைப் பெயரில்லாத விதையை விற்கும் உரிமையைக்கூட விவசாயிக்குத் தருகிறது. நியூசிலாந்து பெற்றது போன்ற விலக்கை மலேசியாவும் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால், சொந்த நிலத்தில் விதை சேமிக்கும் சலுகையை நெல்லுக்கும் காய்கறிக்கும் முழுமையாகச் சட்டத்தில் எழுத வேண்டும். யூபோவில் சேர்வதற்கான சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வருமுன் வட சிலாங்கூர் வாக்காளர்கள் தங்கள் உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.