பருப்புப்பொடிக்கும் பார்கோடு வேண்டுமா? ஆன்லைனில் விற்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்!

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்க அடையாள எண் எதுவும் தேவையில்லை. வாங்குபவர் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், பேரம் பேசுவார், வாங்கிவிடுவார். அதே பொம்மையையோ, வீட்டில் அரைத்த பருப்புப்பொடியையோ அமேசானில் விற்கப்போனால், 'புராடக்ட் ஐடி என்ன?' என்று கேட்கும் ஒரு கட்டம் வந்து நிற்கும்.

சிலர் அதோடு முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். சிலர் அவசரப்பட்டு, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பார்கோடு எண்ணை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

அது என்ன எண்?

பிஸ்கட் பாக்கெட்டில் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்குமே, அதுதான். ஜி.டி.ஐ.என். என்பார்கள். இந்தியாவில் இதை வழங்குவது ஜி.எஸ்.1 இந்தியா. மத்திய வர்த்தக அமைச்சகமும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து 1996-ல் தொடங்கிய அமைப்பு இது.

இங்கே வழங்கப்படும் எண்கள் 890 என்று ஆரம்பிக்கும். அதைப் பார்த்து, 'இந்தியாவில் தயாரான பொருள்' என்று முடிவுகட்ட முடியாது. எண் வழங்கப்பட்ட இடம் இந்தியா, அவ்வளவுதான். இது தரச் சான்றும் அல்ல.

கடைசி இலக்கம், மற்ற 12-ம் சரியா என்று பார்க்கும் காவலாளி. உதாரணத்துக்கு 890123456789 என்று வைத்துக்கொள்வோம். 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவையோ, அதுதான் 13-வது இலக்கம். இங்கே பூஜ்யம்.

மலிவு எண்ணில் என்ன ஆபத்து?

கணக்கு சரியாக வந்தாலும், எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது வேறு விஷயம். மலிவாக விற்கப்படும் எண்கள் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டவை. ஜி.எஸ்.1 பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று அமேசானின் விதியே சொல்கிறது. பிராண்டு பெயர் பொருந்தாவிட்டால் உங்கள் பொருளின் பக்கத்தையே எடுத்துவிடலாம். லேபிள் அச்சடித்த செலவும், அதுவரை சேர்த்த நல்ல விமர்சனங்களும் வீண்.

சரியான வழிகள் இரண்டு

ஒன்று, விலக்கு கேட்பது. கைவினைப் பொருட்கள், பார்கோடு இல்லாத சொந்த பிராண்டு பொருட்கள் போன்றவற்றுக்கு 'ஜி.டி.ஐ.என். விலக்கு' கேட்டு விற்பனையாளர் கணக்கிலேயே விண்ணப்பிக்கலாம். பாக்கெட்டில் பிராண்டு பெயர் தெளிவாகத் தெரியும் புகைப்படங்கள் முக்கியம். குறிப்பிட்ட பிராண்டு, குறிப்பிட்ட பொருள் வகைக்கு மட்டுமே விலக்கு கிடைக்கும். பொடிக்கு வாங்கியது பொம்மைக்குச் செல்லாது.

இரண்டு, சொந்தப் பெயரில் எண் வாங்குவது. பிறகு சூப்பர் மார்க்கெட்டிலும் பொருளை வைக்கும் எண்ணம் இருந்தால் இதுவே நல்லது. ஜி.எஸ்.1 இந்தியாவில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம், உங்கள் விற்றுமுதலையும் தேவைப்படும் எண்களின் அளவையும் பொறுத்தது. எத்தனை எண் தேவை என்பதை முதலிலேயே கணக்கிடுங்கள். 100 கிராம் பாக்கெட்டுக்கு ஓர் எண், 250 கிராமுக்கு வேறு எண். இரண்டு பொடிகளைச் சேர்த்து காம்போவாக விற்றால் அதற்கும் தனி எண்.

புத்தகம் என்றால் செலவில்லை

1901-ல் தொடங்கிய அல்லயன்ஸ் பதிப்பகம் இருக்கும் ஊர் மயிலாப்பூர். இங்கே சமையல் குறிப்புகளைப் புத்தகமாகப் போட நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. 978 என்று தொடங்கும் அதே 13 இலக்கங்களே பார்கோடாகவும் அச்சாகும்.

குழப்பிக்கொள்ளாதீர்கள்

உணவுப் பொருளுக்கான 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் வேறு, ஜி.எஸ்.டி. பில்லில் வரும் ஹெச்.எஸ்.என். எண் வேறு. பார்கோடு இருப்பதால் இவை தேவையில்லை என்று ஆகிவிடாது.

யாராவது பார்கோடு எண் தருகிறேன் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் 'வெரிஃபைடு பை ஜி.எஸ்.1' இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால், அது உங்கள் பொருளுக்கான எண் அல்ல.