புறவாசலும் சமூகவியலும்

பௌதிகம் பயிலும் இவனுக்குச் சமூகவியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் என் பாட்டனார். போர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. மூட்டையோடு செல்லும் வீடுகளில் அவர் புறவாசலில்தான் நிற்பார். முன்வாசலில் தடுப்பார் எவரும் இல்லை. பின், அவரைத் தடுத்தது எது?

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1895-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை உண்டு. சமூக உண்மைகளைப் பொருள்களாகவே கொண்டு ஆராய வேண்டும் என்றார் அவர். அவை தனிமனிதனுக்குப் புறத்தே நிற்பவை, அவனை நெருக்குபவை. மீறிப் பார்க்கும் வரையில் அந்த நெருக்கம் தெரிவதில்லை. சமூகத்தையும் இயற்கையைப் போல ஆராயலாம் என்ற கோம்த்தின் தத்துவம் இதன் வேர். விஞ்ஞான மாணவனுக்கு இனிக்காமல் இருக்குமா?

ஆனால் பக்கத்திலேயே மட்டாஞ்சேரி இருக்கிறதே! அங்குள்ள பரதேசி யூதர் ஆலயம் 1568-இல் எழுந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர்க்கு அங்கே நெடுங்காலம் மற்றவரோடு சமமாக அமரும் உரிமை இல்லை. நம் நாட்டுச் சாதி வழக்கு யூதர் ஆலயத்திலும் புகுந்துகொண்டது போலும்! அம்மரபில் 1882-இல் பிறந்த ஏ. பி. சேலம் (ஊர்ப்பெயர் அன்று, ஆள்பெயர்தான்) சென்னையில் சட்டம் பயின்று திரும்பி, சத்தியாக்கிரக வழியில் போராடினார். தடைகள் மெல்லத் தளர்ந்தன. புவியீர்ப்பை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்து வென்றவர் உண்டா?

இங்கேதான் மாக்ஸ் வெபர் துணைக்கு வருகிறார். மனிதச் செயலை, செய்பவன் அதற்குக் கொள்ளும் பொருளை அறிந்தே விளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கல்லை அறியும் வழி மட்டும் மனிதனுக்குப் போதாது என்ற செருமானியத் தத்துவ வாதத்தில் வளர்ந்தவர் அவர். 1920-இல் அவர் மறைந்த பின் வெளிவந்த நூலில், ஒரு சமூக உறவு 'இருக்கிறது' என்றால், மக்கள் இன்ன வகையில் நடக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதே பொருள் என்கிறார். அரசும் அப்படித்தானாம், அந்த வாய்ப்பு அற்றுப்போனால் அரசும் இல்லை.

குவாண்டம் படிப்பவனுக்கு 'வாய்ப்பு' என்றதுமே ஆவல் பிறக்கும். எனினும் ஒப்புமையை நீட்டலாகாது. எலெக்ட்ரான் தன் வாய்ப்பை அறியாது. பாட்டனார் அறிவார், முன்வாசலுக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று அறிந்தே ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதே அந்த வழக்கத்தை மறுநாளுக்கும் வாழவைத்தது.

ஆயினும் துர்க்கைமைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஓணத்துக்கு முன்னாள், அதே வீடுகளுள் ஒன்றுக்கு நான் மூட்டை கொண்டுபோனேன். முன்வாசல் திறந்தே இருந்தது. என் கால்கள் தாமாகவே பின்பக்கம் திரும்பின.