முந்தானைக்கு ஒரு காவல்

"மோட்டார் சைக்கிள் சமாசாரமெல்லாம் அவர் பாடு, நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே! பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தானே!

சென்ற மாதம் எங்கள் வண்டி சர்வீஸிலிருந்து பளபளவென்று திரும்பி வந்தது. ஏறப் போனவள் திடுக்கிட்டு நின்றேன். பின்சக்கரத்தின் பக்கத்தில் இருந்த சாரி கார்டைக் காணோம்!

"கடகடன்னு ஆடிச்சும்மா, கழட்டி வெச்சிட்டோம்" என்றார் மெக்கானிக், சாவதானமாக. ஆடியது திருகாணி, தண்டனை முந்தானைக்கு!

சாரி கார்டு அலங்காரப் பொருள் அல்ல. பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, அதில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்கிறது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி. கால்மிதியும் கைப்பிடியும்கூட அதே விதியில் உண்டு.

ஆகவே, வண்டியை விடும்போது குறைகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். புதுச் சாமான் போட்டால், பழையதைக் கேட்டு வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது சாரி கார்டு, கால்மிதி, கைப்பிடி மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். பிரேக், செயின், டயர் காற்று இவற்றை அவர் பார்க்கட்டும். பில்லுக்குப் பணம் அப்புறம்!

எங்கள் வண்டிக்கு மறுபடி மாட்டப் பத்தே நிமிஷம்தான் ஆயிற்று. கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது!