கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய கரண்ட் கணக்கு



கிலோவும் லிட்டரும் நமக்கு அத்துப்படி. மின்சாரத்திலும் வோல்ட், ஆம்பியர், ஓம் என்று மூன்று அளவுகள் உண்டு. அவற்றையும் தெரிந்துகொண்டால் கடையைத் தீ விபத்திலிருந்து காக்கலாம்.

அடியில் குழாய் வைத்த எண்ணெய்ப் பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய் நிறைந்திருந்தால் எண்ணெய் வேகமாக இறங்கும். மட்டம் குறைந்தால் வேகமும் குறையும். இந்த அழுத்தம்தான் வோல்டேஜ். நொடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே கரண்ட். அதன் அளவு ஆம்பியர். குழாய் ஒடுங்கினால் ஓட்டம் தடைப்படுகிறதே, அதுபோன்ற தடையின் அளவு ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் கண்ட விதி இது.

நம் கடைகளுக்கு வருவது 230 வோல்ட். ஒரு சாதனத்தின் வாட்டை 230ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று ஏறக்குறையத் தெரியும். 60 வாட் பல்புக்குக் கால் ஆம்பியர். 1500 வாட் மசாலா அரைக்கும் இயந்திரத்துக்கு ஆறரை ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது இது பல மடங்காகும். இதையும் ஃப்ரீசரையும் ஒரே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் தாங்காது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும்.

இதைவிட ஆபத்தானது லூஸ் கனெக்ஷன். தளர்ந்த பிளக்கில் அரை ஓம் தடை இருந்து, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் அந்தச் சிறு இடத்தில் 50 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னுக்கே 25 வாட் போதும். பக்கத்தில் சாக்கும் காகிதமும் இருந்தால் கேட்க வேண்டுமா? கரண்ட் அளவு கூடாததால் ஃப்யூஸ் போகாது, டிரிப்பரும் விழாது. பிளக் பழுப்பாவதும் கருகிய வாடையும்தான் எச்சரிக்கை.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டுவோர் உண்டு. அது காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கடையைத் திறந்து போடுவது போன்றது.

2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுவையில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை ரெட்டியார்பாளையத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுபோன்ற நாளில் ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். அது உயிரைப் பறிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை ஒவ்வொரு கடையிலும் பொருத்துவது அவசியம்.

கடையடைக்கும் முன் சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஒரு சாக்கெட்டை மாற்றும் செலவு, கடைச் சரக்கின் மதிப்புக்கு முன் ஒன்றுமேயில்லை.