யாரையும் விட்டுச் செல்லாத பனிமலைப் பயணம்

கோடை வெயிலோடு பீங்கான் சூளையின் அனலையும் நன்கறிந்தவர்கள் விருத்தாசலம் வட்டாரத்து மக்கள். கருவேப்பிலங்குறிச்சியில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள், "குடும்பத்தோடு ஒருமுறை ஆல்ப்ஸ் மலைக்குப் போய்வந்தால் என்ன?" என்று கேட்பது இன்று அரிதன்று. ஆசை குற்றமன்று. ஆனால் அதற்காக நகையை அடகு வைப்பதும், செலவைக் குறைக்க வயது முதிர்ந்த தாயை வீட்டில் விட்டுச் செல்வதும் வருந்தத்தக்கவை. இவ்விரண்டும் இன்றிப் பனிமலைக்குச் சென்றுவர வழியுண்டா என்பதை வாசகர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆல்ப்ஸ் பயணத்தில் விசாவுக்கு மட்டும் 2024 ஜூன் முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைப்பதில்லை. விமானம், விடுதி, மலையேற்றும் ஊர்திக்கான சீட்டு ஆகியன தனி. கடவுச்சீட்டே தேவைப்படாத பனிமலை நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுவே காஷ்மீரத்துக் குல்மர்க்.

மலையில் மூன்று படிகள்

ஆல்ப்ஸ் மலையிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அங்கே சறுக்குப் பாதைகளுக்கு நிறம் குறித்திருப்பார்கள். நீலம் எளியது, சிவப்பு நடுத்தரமானது, கறுப்பு கடினமானது. தத்தம் திறனுக்கேற்ற பாதையில் சறுக்கிவிட்டு, உணவு வேளையில் அனைவரும் ஓரிடத்தில் கூடுவர். குல்மர்க்கில் இயற்கையே இத்தகைய படிகளை அமைத்துத் தந்துள்ளது.

முதற்படி, ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளி. நம் தொட்டபெட்டா சிகரத்தின் உச்சியே 2,637 மீட்டர்தான் என்றால் அதன் உயரத்தை உணரலாம். குளிர்காலத்தில் பனி மூடும் இவ்வெளியின் மென்சரிவுகளே, புதிதாய்க் கற்போர்க்கும் சிறுவர்க்கும் உரியவை. பயிற்றுநர் முதலில் கற்பிப்பது நிற்கும் கலையை. சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் தணியும். இதில் தேறாதவர் மேலே செல்லலாகாது.

இரண்டாம் படி, 3,080 மீட்டர் அளவிலுள்ள கொங்டூரி. பழனியில் நாம் காணும் ரோப் காரைப் போன்ற ஊர்தி 1998 முதல் இவ்விடம் வரை செல்கிறது. ஓரளவு பழகியவர்கள் இங்கே சறுக்கலாம். சறுக்காத பெரியவர்களும் ஊர்தியில் அமர்ந்தே வந்து பனிவெளியைக் கண்டு திரும்பலாம்.

மூன்றாம் படி, 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வட் மலைச்சரிவு. ரோப் காரின் இரண்டாம் கட்டம் 2005-இல் அங்கே எட்டியது. தேர்ந்தவர்கள் மட்டும், அதுவும் உள்ளூர் வழிகாட்டியுடன் சறுக்க வேண்டிய இடம் இது. 2023 பிப்ரவரி 1 அன்று இங்கு நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே குல்மர்க் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். அவர்களும் சிறு குழந்தைகளும் இம்மூன்றாம் படியைத் தவிர்ப்பதே நலம்.

சிக்கனத்திற்கு வழிகள்

சென்னையிலிருந்து கட்ராவுக்கு அந்தமான் விரைவு வண்டி உண்டு. 2025 ஜூன் 6 அன்று கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. எஞ்சிய தொலைவை அது மூன்று மணி நேர அளவில் கடக்கிறது. பனிக்காலத்தில் அடிக்கடி அடைபடும் மலைச்சாலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. 60 நாள் முன்னரே பயணச்சீட்டு எடுக்கலாம். சீட்டை இரண்டாகப் பிரித்து, டில்லியில் ஒரு நாள் இறங்கி இளைப்பாறிச் சென்றால் முதியோர்க்குக் களைப்புக் குறையும்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்கு 13 கிலோமீட்டர் முன்னால், மலையடிவாரத்தில் உள்ளது தங்மர்க். குல்மர்க் விடுதிகள் கட்டுப்படியாகாதவர்கள் தங்மர்க்கில் தங்கிப் பகலில் மேலே சென்று வரலாம். பனி மிகுந்த நாட்களில் சக்கரத்தில் சங்கிலி பூட்டிய உள்ளூர் வண்டியிலேயே ஏற வேண்டும். நீண்ட காலணியும் கனத்த மேலங்கியும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். அவற்றை விலைக்கு வாங்குவது வீண். கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். பயிற்றுநர், சறுக்கு வண்டி இழுப்பவர் ஆகியோரிடம் கூலியை முன்னரே பேசி முடிவு செய்க. முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்க்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழுள்ள பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மர்க்கிலேயே உள்ளது.

எந்த மாதம் செல்வது? டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் 'சில்லாய் கலான்' என்பர், கடுங்குளிர்க் காலம். முதியோரும் குழந்தைகளும் உடன்வரின் பிப்ரவரியே ஏற்றது. ஆனால் பனியும் இப்போது சொன்ன நாளில் வருவதில்லை. பனி போதாமையால் 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆதலின் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே பதிவு செய்க.

கவனிக்க வேண்டியவை

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப்பின் காஷ்மீரில் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. சில பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. புறப்படும் முன் அரசின் அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

காஷ்மீரிகள் 'கங்க்ரி' என்னும் மண்சட்டியில் தணலிட்டு, கூடைப் பின்னலுக்குள் வைத்துக் குளிர்காய்வர். சாத்திய அறையில் அதை வைத்துக்கொண்டு உறங்கலாகாது. கரிப்புகையின் நஞ்சு ஓசையின்றி உயிரைப் பறிக்கும்.

உளூவுக்குத் தண்ணீர் உறைபனியாய்ச் சில்லிடும். முறைப்படி அணிந்த தோல் காலுறையின்மேல் மஸஹ் செய்யும் சலுகை பயணிக்கு மூன்று பகல், மூன்று இரவு வரை உண்டு என்பதை நினைவிற் கொள்க.

இனி, தாளையும் பேனாவையும் எடுங்கள். வருகின்ற ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரால் இயல்வது யாது, அவர் விரும்புவது யாது என்று எழுதுங்கள். செலவுக் கணக்கை அதன் பிறகு போடுங்கள். மூத்த மகன் இரண்டாம் படியில் சறுக்கட்டும். பேரன் புல்வெளியில் விழுந்து எழட்டும். பாட்டியார் சறுக்கு வண்டியில் அமர்ந்து அதைக் கண்டு மகிழட்டும். நண்பகலில் எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணும்படி நாளை வகுங்கள். கையிலுள்ள பணம் இந்த ஆண்டுக்குப் போதாதெனில் அடுத்த ஆண்டு செல்லலாம். மலை அங்கேயேதான் இருக்கும். கடனோடு திரும்பும் வீட்டில் நிம்மதி இராது.