சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டலாமா?



வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. பக்கத்திலேயே விசைத்தெளிப்பானிலிருந்து கழற்றிப் போட்ட சிறு எஞ்சினும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் மிதிக்காமலே போகலாமே என்று உங்கள் வீட்டுப் பையன் ஒருநாள் கேட்கக்கூடும். அப்போது, "போடா, போய் வேலையப் பாரு" என்று விரட்டிவிடாதீர்கள். "சரி, என்னமோ பண்ணு" என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்த வேலையில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இது புது யோசனையும் அல்ல, கேலிக்குரிய யோசனையும் அல்ல. 1946-ஆம் ஆண்டு, போர் முடிந்து நொடித்துக் கிடந்த ஜப்பானில், ஹமாமட்சு என்ற ஊரில் சோயிச்சிரோ ஹோண்டா என்பவர் இதைத்தான் செய்தார். ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின் அவர் கைக்குக் கிடைத்தது. அதைச் சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் டாங்கிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் குடுவையை வைத்துப் பார்த்தார். 1948-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்று உலகம் அறிந்த ஹோண்டா. நம் நாட்டில் 1972-இல் வந்த லூனாவும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-யும் பெடலும் மோட்டாரும் சேர்ந்த இந்த வம்சத்து வண்டிகள்தான்.

சிநேகமான போட்டி

அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறவர்கள் உண்டு. இத்தனை நாளுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, சிநேகமாகப் போட்டி வைத்துக் கொள்வார்கள். நாம் சந்தையில் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி, ஒருவர் கட்டிய வண்டியை மற்றவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். வேகம் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. கை வேலை எப்படி, நட்டு போல்ட்டு எப்படி, பிரேக் எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள்.

அவர்களில் பலர் வாங்குவது சீனாவில் செய்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் செட்டு. சிலிண்டர் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சி.சி. வரும். கடையில் இதையே 80 சி.சி. என்று சொல்லி விற்பதும் உண்டு. விதை மூட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் முளைப்புத் திறன் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல இதையும் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

பல் கணக்கு

எஞ்சின் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பல்சக்கரங்கள்தான் இந்தச் சுற்றைக் குறைத்துக் கொடுக்கின்றன. மேலே சொன்ன செட்டில் எஞ்சினுக்குள்ளேயே 20 பல்லும் 82 பல்லும் இருக்கின்றன. அங்கே சுமார் 4 மடங்கு குறைகிறது. வெளியே எஞ்சின் பக்கம் 10 பல், பின் சக்கரத்தில் 44 பல். அங்கே 4.4 மடங்கு குறைகிறது. மொத்தத்தில் எஞ்சின் 18 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 4,500 சுற்று ஓடுகிறது என்றால் சக்கரம் 250 சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். ஆக மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர். பின்னால் 44 பல்லுக்குப் பதில் 36 பல் போட்டால் வேகம் 38-ஐத் தொடும். ஆனால் மேட்டில் இழுவை போய்விடும். டிராக்டரில் சேற்றுழவுக்கு ஒரு கியர், ரோட்டுக்கு ஒரு கியர் என்று வைப்பதும் இதே கணக்கில்தான்.

நிற்க வைப்பதுதான் வேலை

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். ஓட வைப்பது அரை நாள் வேலை. நிற்க வைப்பதுதான் பெரிய வேலை. மிதித்துப் போகிற சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆனால் வேகம் இரண்டு மடங்குதான். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 45 ஆனால் ஒன்பது மடங்கு. நன்றாகப் பிடிக்கும் பிரேக், காய்ந்த தரையில், 15 கிலோமீட்டர் வேகத்தில் 2 மீட்டருக்குள் நிறுத்தும். அதே பிரேக் 30-இல் 7, 8 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ரிம்மில் ரப்பர் உரசும் நம்ம ஊர் கம்பி பிரேக் மழையில் நனைந்துவிட்டால் இன்னும் எத்தனை தூரம் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும். விவரம் தெரிந்தவர்கள் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே முன் சக்கரத்துக்கு நல்ல டிஸ்க் பிரேக்கோ டிரம் பிரேக்கோ போட்டுவிடுவார்கள்.

அடுத்தது பின் சக்கரம். இந்தச் செட்டில் 44 பல் சக்கரத்தை ரப்பர் வைத்து, ஸ்போக்ஸ் கம்பிகளையே பிடிமானமாக்கி ஒன்பது போல்ட்டுப் போட்டு முடுக்குவார்கள். கம்பி தாங்குவது ஆளின் பாரத்தை. எஞ்சினின் இழுப்புக்கு அது ஏற்பட்டதல்ல. கம்பி ஒன்று அறுந்தால் அடுத்தடுத்தும் அறும். ஹப்பையே கவ்விப் பிடிக்கும் பட்டை போடுவது நல்லது. கோட்டம் எடுக்காத சக்கரத்தில் எஞ்சின் பூட்டவே கூடாது.

மூன்றாவது, செயினைத் தொய்யாமல் பிடிக்கும் உருளை. அதன் போல்ட்டு தளர்ந்து அது கம்பிகளுக்குள் சாய்ந்தால், சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவான். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வு எந்த நட்டையும் தளர்த்தும். ஆகவே தானாகக் கழலாத நட்டுப் போடவும். முதல் ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி முடுக்கவும். வேட்டி நுனியும் புடவைத் தலைப்பும் சிக்காதபடி செயினுக்கு மூடி அவசியம். கைக்கு எட்டும் இடத்தில் எஞ்சினை அணைக்கும் சுவிட்சும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதற்கு மேல் போனால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். விசைத்தெளிப்பானில் சுமார் 35 சி.சி. எஞ்சின் பரவலாக வருகிறது. அதைப் பூட்டிய சைக்கிள் ரோட்டில் போய் யார் மேலாவது மோதினால், நஷ்டஈடு மொத்தமும் உங்கள் தலையில்தான் விழும். நிலத்தை விற்றுக் கட்டும் நிலைமைகூட வரலாம். பதினெட்டு வயசு ஆகாத பையன் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் செய்தால், 2019-இல் வந்த திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம்.

மின்சார மோட்டாருக்கும் விதி உண்டு. 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, பாட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தகுந்த பிரேக்கும், வெளிச்சத்தில் பளிச்சிடும் வில்லைகளும் வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது.

ஆகவே இளைஞர்களே, ஆசை இருந்தால் 25 சி.சி.க்குள் கட்டுங்கள். முதலில் ரோட்டை விட்டுவிட்டு, அறுவடை முடிந்த களத்தில் ஓட்டிப் பாருங்கள். தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து போட்டியே வைக்கலாம். ஆனால் யார் முந்தினார்கள் என்று பார்க்க வேண்டாம். களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரே வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து, யார் வண்டி குறைந்த தூரத்தில் நேராக நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அவருக்கே பரிசு.

இந்த வேலையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், பல் கணக்குப் போடவும், அதிர்வை அடக்கவும் கை பழகிவிடும். நாளைக்கு நடவு நேரத்தில் பம்புசெட்டோ விசைத்தெளிப்பானோ நின்றுபோனால், டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே ஒரு கைக்காரன் இருப்பான்.