இரசாயனவியலை விடலாமா?

"கெமிஸ்ரியை விட்டிட்டு வேற பாடம் எடுத்தா என்னக்கா?"

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் கேட்ட கேள்வி இது. கேட்டவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானவள். தாய் இடையில் புகுந்தார். "பயமெண்டால் விடட்டும் பிள்ளை. பெயிலாகி வந்தால் சனம் என்ன கதைக்கும்?"

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உயர்தர வகுப்பில் பல மாதங்கள் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. அளவியையும் குழாயியையும் அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள். ஒரு நியமிப்புக்கூடத் தன் கையால் செய்ததில்லை. இனி எல்லாம் ஆங்கிலத்தில் வேறு. இதில் எதுவும் அவளுடைய கெட்டித்தனத்தின் குறை அல்ல என்பதைத் தாயிடம் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

சகோதரிகளே, முதலாம் ஆண்டில் விடும் பாடத்தைப் பின்னர் போய்ப் பிடிப்பது கடினம். சிறப்புப் பட்டம் செய்யும் வாய்ப்பும் அதோடு போய்விடும். கணிதத்திலோ கணினியிலோ உண்மையாகவே மனம் இருந்தால் தாராளமாக விடலாம். பயத்துக்காக விடுவது வேறு கதை. செய்முறை வகுப்புகளில் தொடக்கத்தில் நிறுப்பதும் அளப்பதும்தான் வேலை. கை பழகினால் பாதிப் பயம் போய்விடும். உயிரியல் படித்து வந்தவர்கள் மடக்கையை மட்டும் முன்கூட்டியே மீட்டுப் பார்க்க வேண்டும். பீஎச் கணக்கில் தடுக்கி விழுவது அங்கேதான்.

படித்து என்ன பயன் என்பார்கள். வவுனியாவில் சிறுநீரக நோயோடு சேர்த்துக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் பேசப்படுகின்றன. அந்த நீரைப் பரிசோதிக்க இரசாயனம் தெரிந்தவர் வேண்டும். நம் பாடசாலைகளுக்கும் வேண்டும். பரந்தனில் ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1980களில் போர் அதை மூடியது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சந்தியின் பெயர் மட்டும் தெரியும்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1971 இல் தொடங்கிய இலங்கை இரசாயனவியல் நிறுவகம் இராஜகிரியவில் பட்டத்துக்கு ஒப்பான கற்கைநெறியை நடத்துகிறது. கட்டணம் உண்டு, கொழும்பில் தங்கவும் வேண்டும்; வீட்டு நிலைமையைப் பார்த்தே இறங்க வேண்டும்.

நான் புறப்படும்போது அவள் ஒரு கொப்பியை இரண்டாகக் கோடிட்டு, இடப்பக்கம் "சேதன இரசாயனம்" என்றும் வலப்பக்கம் அதன் ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் விடுதிச் செலவைப் பற்றி விசாரித்தார்.